ஆறு வயது வரை காத்திருக்க மாட்டோம்: பெற்றோர் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

மாற்றுத்திறன் கொண்ட சிறு பிள்ளைகளைப் பெற்ற நாங்கள் இன்று ஓர் இயக்கமாகச் சேர்கிறோம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறுவதை உரிமை என்கிறது. கல்வி உரிமைச் சட்டமும் ஆறில்தான் தொடங்குகிறது. கழுத்து நிற்காத, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குப் பயிற்சி நன்றாகப் பலிக்கும் காலமோ அதற்கு முன்பே கழிந்துவிடுகிறது. மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, மறுக்கவில்லை.

அங்கே போய்வந்தவர்களைக் கேளுங்கள். ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி, கால் விறைத்த நான்கு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனால் அரை மணி நேர பிசியோதெரபி. முன்பு பார்த்த தெரபிஸ்ட் மாறிப் போயிருப்பார். புதியவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார்: “பிறந்ததும் அழுதுச்சா? சொந்தத்துல கல்யாணமா? மாசமா இருக்கும்போது மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?” எல்லாம் கையிலுள்ள ஃபைலில் இருக்கிறது, புரட்டத்தான் ஆளில்லை. கேள்வி ஒவ்வொன்றும் அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. கிளம்பும்போது ஜெராக்ஸ் தாள் ஒன்றைக் கொடுத்து, “வீட்ல பண்ணுங்கம்மா” என்பார்கள். எப்படிப் பண்ணுவது என்று கையைப் பிடித்துக் காட்ட நேரமிருக்காது. அப்பாவிடம் யாரும் இதைச் சொல்வதில்லை; அப்பாக்களில் பலர் வருவதுமில்லை. (இதை எங்கள் வீடுகளுக்குள்ளும் பேசியாக வேண்டும்.)

முடியாததைக் கேட்கவில்லை. சென்னை பாலவித்யாலயா, காது கேளாத குழந்தையோடு அம்மாவையும் வகுப்பில் உட்காரவைத்துச் சொல்லித்தருகிறது. ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில், பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அரசு இவற்றை விதிவிலக்காக விட்டுவைப்பதுதான் தவறு.

ஆகவே, பிறந்த நாள் முதலே பயிற்சியைச் சட்டப்படியான உரிமையாக்க வேண்டும். தெரபிஸ்ட் அங்கன்வாடிக்கு வர வேண்டும். வர முடியாத இடத்தில் எங்கள் பயணச் செலவையும் போன கூலியையும் தர வேண்டும். எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும் என்று அதே 2016 சட்டம் சொல்வதை ஏட்டில் விடக் கூடாது. மையங்களை மதிப்பிடும் குழுக்களில் பெற்றோருக்கு இடம் வேண்டும். வந்துபோன தலைகளை எண்ணுவது மதிப்பீடல்ல.

“அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு” என்று வீட்டில் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும் பெற்றோரே, பிள்ளையை இந்த வாரமே பரிசோதனைக்கு அழைத்துப்போங்கள். தனியாகப் போகத் தயக்கமா, கூப்பிடுங்கள். எங்களில் ஒருவர் உங்களோடு வருவார்.