விதைக்கு ஒரு பூண்டுக் குளியல்

தோட்டத்து லயன் வீட்டை விரைவில் காலி செய்யப்போகும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அம்மா நட்ட கறிவேப்பிலை மரத்தின் வாரிசையாவது புது வீட்டுக்குக் கொண்டு போக ஆசை. ஆனால் விதை போட்டால் முளைப்பதற்குள் பூசணம் பூத்து அழுகிவிடுகிறதாம்.

நம் ஊர் ஈரப்பதத்தில் இது சகஜம். கறிவேப்பிலை விதை காய வைத்துச் சேமிக்கும் ரகமல்ல. நாளாக ஆக முளைப்புத்திறன் வேகமாகக் குறையும். ஈரமாக வைத்தாலோ, பழத்தின் இனிப்புச் சதை பூசணத்துக்கு விருந்தாகிவிடும்.

ஆகவே, நன்கு கறுத்த பழங்களையே பறியுங்கள். சதையைப் பிசைந்து நீக்கி, வழுவழுப்புப் போகும்வரை கழுவுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது பூண்டு. நான் இரண்டு பல்லை நசுக்கிப் பத்து நிமிடம் அப்படியே வைப்பேன். நசுக்கும்போதுதான் பூசணத்தை அடக்கும் அல்லிசின் உருவாகிறது. முழுப் பல்லை வேகவைத்தால் அதை உண்டாக்கும் நொதி கெட்டுவிடும். பிறகு அரை லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டி, விதைகளைக் கால் மணி நேரம் ஊறவைத்து அலசி எடுப்பேன். அல்லிசின் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் அன்றன்று தயாரிப்பதே நல்லது. அதிகம் போட்டால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். கெட்டியான பூண்டுச்சாறு முளைப்பையே தடுக்கும்.

மஞ்சள் தூள் போடலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. வெறும் மஞ்சள் தண்ணீரிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஊறிய விதைகளை அன்றே மணல் கலந்த மண்ணில், அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். தொட்டியின் அடியில் துளை இருக்கட்டும். தண்ணீர் தேங்கினால், முளைத்த கன்றும் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். அதைப் பூண்டால் காப்பாற்ற முடியாது.

பத்து விதை இருந்தால் ஐந்தை வெறும் தண்ணீரில் ஊறவைத்துத் தனியே ஊன்றிப் பாருங்கள். உங்கள் வீட்டில் எது பலிக்கிறது என்று தெரிந்துவிடும்.

விதையை மட்டுமே நம்பியும் இருக்காதீர்கள். மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பிய பக்கக் கன்றுகள் இருந்தால், வேரோடு தோண்டித் தொட்டிக்கு மாற்றுங்கள். காலி செய்யும் நாள்வரை காத்திருக்காமல், இந்த வாரமே தொடங்குங்கள்.