லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் மட்டும் போதுமா?

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலை. வெள்ளிமலையிலிருந்து நண்பனோட தங்கச்சி போன்.

"அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே அப்டேட் குடுத்தேன். பாதியில கரண்ட் போயிடுச்சு. இப்ப ஆன் பண்ணா கெர்னல் பேனிக்னு வந்து நிக்குது. கடையில கேட்டா ஃபார்மட் பண்ணிடலாம்கறாங்க."

பகீர்னு ஆயிடுச்சு. கல்வராயன் மலை கிராமங்களில் மூணு மாசம் அலைந்து அவள் சேர்த்த எம்.ஏ. ஆய்வுக் குறிப்புகள் அத்தனையும் அதில்தான். மலை மேல் நெட் கிடைக்கிற லட்சணத்தில் ஆன்லைன் பேக்கப் எல்லாம் கனவு. லேப்டாப்போ, அவள் அண்ணனுக்கு +2 படிக்கும்போது அரசு கொடுத்தது. பேட்டரி செத்து ரொம்ப நாள் ஆச்சு. அதில் டெபியன் போட்டுக் கொடுத்த புண்ணியவான் அடியேன்தான் :-(

பாதியில் நின்றது ஜிலிப்சி. பாஷ் முதல் பிரவுசர் வரை கிட்டத்தட்ட எல்லா புரோகிராமும் நம்பியிருக்கிற லைப்ரரி. அது உடைந்தால் முதலில் எழ வேண்டிய இனிட்டே எழாது. சரி செய்ய வேண்டிய கருவிகளுக்கும் அதே லைப்ரரிதான் வேணும். சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டின கதை.

கள்ளக்குறிச்சியிலேயே ஒரு பென்டிரைவில் டெபியன் லைவ் ஏற்றிக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியா பஸ் பிடித்துப் போனேன். லைவில் பூட் செய்து, ஹார்டு டிஸ்கைப் படிக்க மட்டும் மவுண்ட் செய்து, முதல் வேலையா குறிப்புகளை இன்னொரு பென்டிரைவுக்கு மாற்றினேன். அப்புறம்தான் மூச்சே வந்தது.

சிஎச்ரூட் போட்டால் பாஷ் ஓடவில்லை. (அதுக்கும் ஜிலிப்சி வேணுமே!) நல்லவேளை, ஆப்ட் இறக்கி வைத்த லிப்சி6 பேக்கேஜ் கேச்சில் பத்திரமா இருந்தது. அதைத் தனி ஃபோல்டரில் பிரித்து, லைப்ரரி கோப்புகளையும் லோடரையும் அதனதன் இடத்தில் காப்பி செய்ததும் சிஎச்ரூட் உள்ளே விட்டது. மிச்ச பேக்கேஜ்களை டிபிகேஜி கான்ஃபிகர் செய்து முடிக்க, சிஸ்டம் எழுந்துடுச்சு. நெட் ஒரு பைட் கூட செலவாகலை.

இது புதுக் கதையும் இல்லை. 2012 ஜூலையில் ஆர்ச் லினக்ஸில் ஜிலிப்சி அப்டேட் வந்தபோது, ஃபோர்ஸ் போடாதீங்கன்னு அறிவிப்பே வந்தது. அதையும் மீறிப் போட்டவர்கள் இதே மாதிரி லைவ் சிடியோடு உட்கார்ந்தார்கள். அங்கே அவசரம், இங்கே கரண்ட்.

கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்தது ஃபார்மட். தப்பு என்னோடது. "லினக்ஸ்ல வைரஸ் வராது, இலவசம்"னு பேசி ஏற்றி விட்டேனே தவிர, விழுந்தால் எப்படி எழுப்பறதுன்னு சொல்லித் தரவே இல்லை. நம்மில் பல பேர் இப்படித்தான். போட்டுக் கொடுப்பதோடு நம்ம சேவை முடிஞ்சுடுது.

இனி யாருக்குப் போட்டுக் கொடுத்தாலும் ஒரு லைவ் பென்டிரைவும் சேர்த்துக் கொடுங்க. முக்கியமான கோப்புகளை வெளியே ஒரு காப்பி எடுக்க வைங்க. பேட்டரி செத்த மெஷினில் கரண்டை நம்பி சிஸ்டம் அப்டேட் வேண்டாம்னு சொல்லுங்க. இந்த மூணும் முடியாதுன்னா, அவங்க மெஷினில் கை வைக்காம இருப்பதே மேல்.

டிஸ்கி: கிளம்பும்போது அந்தப் பென்டிரைவை அவளிடமே கொடுத்துட்டு வந்தேன். "அடுத்த தடவை நானே பார்த்துக்கறேண்ணா"ன்னு சொன்னாள். பஸ் காசு மிச்சம் :-)