ஆட்டம் லேத்திலா, சக்கிலா?

புஷ்ஷின் உள்வட்டமும் வெளிவட்டமும் ஒரே மையத்தில் இல்லை என்று ஆர்டர் கொடுத்த கம்பெனி சரக்கைத் திருப்பி அனுப்பினால், பட்டறைக்காரர் முதலில் திட்டுவது லேத்தை. மறுநாளே மெக்கானிக் வருகிறார். ஹெட்ஸ்டாக் திறக்கப்படுகிறது. ஸ்பிண்டிலின் பேரிங்குகள் மாற்றப்படுகின்றன. கைக்காசும் போய், இரண்டு மூன்று நாள் வேலையும் போகிறது. பிறகு ஜாப்பை மாட்டி ஓட்டிப் பார்த்தால் பழைய ஆட்டம் அப்படியே இருக்கிறது. ஆட்டம் ஸ்பிண்டிலில் இல்லை. அதன் மூக்கில் உட்கார்ந்திருக்கும் சக்கில் இருக்கிறது.

ராஜ்கோட், பட்டாலா, லூதியானா, ஹௌரா என்று இரும்பைக் கடைந்து பிழைக்கும் ஊர்களில் இது சகஜம். அங்குள்ள சிறு பட்டறைகளில் ஓடும் லேத்துகளில் பல, கை மாறி வந்தவை. பெரிய ஆலைகள் கழித்துவிட்ட எச்.எம்.டி., கிர்லோஸ்கர் லேத்துகளும் அவற்றில் உண்டு. பழைய லேத் வாங்கப் போகிறவர் பெட் தேய்ந்திருக்கிறதா, கியர் சத்தம் போடுகிறதா என்று பார்ப்பார். சக்கை யாரும் பார்ப்பதில்லை. அது லேத்தோடு வரும் இனாம் என்ற நினைப்பு. ஜாப்பைக் கையால் பிடிப்பதுபோல் பிடித்திருப்பது அது ஒன்றுதான் என்பது மறந்து போகிறது.

பட்டறைப் பேச்சில் சக் இரண்டு வகை. மூன்று தாடைகளும் ஒன்றாக நகர்வது 'ட்ரூ சக்'. நான்கு தாடைகளும் தனித்தனியாக நகர்வது 'டாக் சக்'. பெயர் வைத்தவரின் குறும்பு இதில் தெரிகிறது. 'ட்ரூ' என்று பேர் வாங்கியதுதான் துல்லியத்தில் பின்தங்கியது. நல்ல கம்பெனியின் புது ட்ரூ சக்கிலேயே 50 முதல் 80 மைக்ரான் வரை ஆட்டம் இருக்கலாம். அது குறையல்ல, அதன் இயல்பு. நாயின் பெயர் தாங்கிய டாக் சக்கோ, டயல் வைத்துப் பொறுமையாகச் சரிசெய்தால் 10 மைக்ரானுக்குள் நிற்கும்.

ட்ரூ சக்கின் உள்ளே இருப்பது ஸ்க்ரோல் எனப்படும் வட்டத் தகடு. அதன் முகத்தில் கொசுவத்திச் சுருள்போல ஒரே மரை ஓடுகிறது. சாவியைத் திருப்பினால் பினியன் சுழன்று தகட்டைச் சுற்றும். சுருளில் பல் பதித்திருக்கும் மூன்று தாடைகளும் சேர்ந்து மையத்துக்கு நகரும். அமெரிக்காவின் கனெக்டிகட்டைச் சேர்ந்த சைமன் ஃபேர்மன் 1830-ல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. இன்றும் இதே அமைப்புதான். மூன்று தாடைகளும் ஒரே சுருளை நம்பி இருப்பதால் சுருளின் ஓரிடத்தில் தேய்மானம் வந்தாலும் மையம் தவறும். பத்து வருடமாக ஒரே அளவு கம்பியைப் பிடித்துவந்த சக், அந்த அளவில் ஆடும். வேறு அளவில் ஒழுங்காக ஓடும்.

சக் ஆடுகிறது என்பதாலேயே ஜாப் கெட வேண்டியதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒரே பிடிப்பில் வெளிவட்டம், துளை, முகம் மூன்றையும் முடித்துக் கம்பியிலிருந்து வெட்டி எடுத்தால், சக்கில் 100 மைக்ரான் ஆட்டம் இருந்தாலும் புஷ் ஒரே மையத்தில்தான் இருக்கும். ஜாப்பைக் கழற்றித் திருப்பிப் பிடிக்கும்போதுதான் வினை வருகிறது. திரும்பி வந்த புஷ்களில் பாதிக்கு மேல் இப்படித் திருப்பிப் பிடித்தவையாக இருக்கும். திருப்பிப் பிடித்தே ஆகவேண்டிய வேலைக்கு டாக் சக் இருக்கிறது. அல்லது அந்த லேத்திலேயே போரிங் செய்துகொண்ட மென்தாடைகள் இருக்கின்றன. டாக் சக்கில் புதிய டர்னர்கள் தடுமாறுவது ஒரே கணக்கில். எதிரெதிர் தாடைகளில் டயல் 2.40, 2.00 என்று காட்டினால் நகர்த்த வேண்டியது 0.40 அல்ல, அதில் பாதியான 0.20.

குற்றவாளியைப் பிடிக்க, ஸ்பிண்டிலிலிருந்து வெளியே வரவேண்டும். சக்கைக் கழற்றி, ஸ்பிண்டில் மூக்கைத் துடைத்து, அங்கே டயலை வைத்துக் கையால் சுற்றினால் முதல் பதில் கிடைத்துவிடும். முள் 10 மைக்ரானுக்குள் நின்றால் பேரிங்கை விட்டுவிடலாம். அடுத்தது பேக் பிளேட். அதன் முகத்துக்கும் சக்கின் முதுகுக்கும் நடுவே சிக்கிய ஒரு சிறு துருவல் செய்யும் சேதம் சாமானியமல்ல. 100 மி.மீ. விட்டமுள்ள முகத்தின் ஒரு விளிம்பில் 20 மைக்ரான் தடிப்புள்ள தூசு இருந்தால், அங்கிருந்து 100 மி.மீ. தள்ளி டயலில் 40 மைக்ரான் தெரியும். துணியால் துடைத்தால் போதாது. விரல் நுனியால் தடவிப் பார்க்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத பிசிறு விரலுக்குத் தெரியும்.

பிறகு கிரைண்ட் செய்த நேரான கம்பி ஒன்றைச் சக்கில் பிடித்து, தாடையை ஒட்டி ஒரு முறையும் 100 மி.மீ. தள்ளி ஒரு முறையும் பார்க்கவேண்டும். கம்பியைத் தளர்த்தி அரைச் சுற்று திருப்பிப் பிடித்து மறுபடி பார்க்கவேண்டும். மேடு கம்பியோடு நகர்ந்தால் கம்பி வளைந்திருக்கிறது. சக்கைக் குறை சொல்லக் கூடாது. இரண்டு இடத்திலும் ஒரே ஆட்டம், எந்த அளவுக் கம்பியிலும் அதே ஆட்டம் என்றால் சக் பேக் பிளேட்டில் மையம் தவறி உட்கார்ந்திருக்கிறது. கம்பியின் அளவுக்குத் தக்கபடி ஆட்டம் மாறினால் சுருள் தேய்ந்திருக்கிறது. தாடை அருகே ஒழுங்காகவும் தள்ளிப்போகப் போக மோசமாகவும் இருந்தால், உட்காரும் முகம் சுத்தமாக இருக்கும் பட்சத்தில், தாடைகளின் வாய் விரிந்துவிட்டது.

இந்த வாய் விரிதல்தான் நம் பட்டறைகளின் பொதுவியாதி. துண்டு ஜாப்பைத் தாடையின் நுனியில் மட்டும் பிடிப்பது, அது வழுக்காமலிருக்க சாவிக் கைப்பிடியில் நீளமான பைப்பைச் சொருகி இறுக்குவது என்று இரண்டு பழக்கங்கள் சேர்ந்து நுனியைத் தேய்த்துவிடுகின்றன. பிறகு தாடையின் அடிப்பகுதி மட்டுமே ஜாப்பைப் பிடிக்கிறது. ஒவ்வொரு தாடைக்கும் கம்பிக்கும் இடையே, நுனிப்பக்கம் ஒரு மெல்லிய காகிதத் துண்டை வைத்து இறுக்கி இழுத்துப் பார்த்தால் போதும். காகிதம் உருவிக்கொண்டு வந்தால் அந்தத் தாடை அங்கே ஜாப்பைத் தொடவே இல்லை.

மருந்து, தாடைகளை லேத்திலேயே கிரைண்ட் செய்வது. இதில் பலர் சறுக்குகிறார்கள். சும்மா திறந்திருக்கும் தாடை அதன் காடியில் தளர்வாக நிற்கும். ஜாப்பைப் பிடித்ததும் லேசாகச் சாயும். சாயாத நிலையில் கிரைண்ட் செய்தால், பிடிக்கும்போது மறுபடி வாய் விரியும். ஆகவே தாடைகள் எதையாவது இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கல் ஓடவேண்டும். அடியில் ஒரு வளையத்தைக் கொடுத்து இறுக்குவது சுலபம். ஆனால் சாய்வு வேறு விதமாகிவிடும். நுனிப்பக்க ஓரங்களில் மட்டும் பிடிக்கும்படி, நடுவே கல் நுழைய இடம்விட்டு வெட்டிய தகடுதான் சரி. லேத்தின் பெட்டை ஈரத்துணியால் மூடாமல் கிரைண்டரை ஓட்டினால், சக்கைக் காப்பாற்றப் போய் பெட்டை இழக்க நேரும்.

இவ்வளவு தூரம் போகாமலிருக்கச் செலவில்லாத வழி, கழுவுவது. வார்ப்பிரும்பு கடையும் பட்டறையில் கருந்தூள் சுருளுக்குள் இறங்கி, எண்ணெயோடு சேர்ந்து தேய்ப்புப் பசையாகிறது. காற்றுக்குழாயால் ஊதினால் வெளியே இருக்கும் தூளும் உள்ளே போய்ச் சேரும். தாடைகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவுவதே முறை. வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். கழுவிய பின் கிரீஸை அப்பக் கூடாது. கெட்டி கிரீஸ் அடுத்த தூளைப் பிடித்து வைக்கும். சுருளில் மெல்லிய பூச்சு, தாடைக் காடியில் சொட்டு எண்ணெய். தாடைகளில் 1, 2, 3 என்று எண் வெட்டியிருப்பது அழகுக்காக அல்ல. மூன்றிலும் பற்கள் மூன்றில் ஒரு பங்கு தள்ளித் தள்ளி வெட்டப்பட்டவை. சுருளின் தொடக்கம் முதல் காடிக்கு வரும்போது முதல் தாடை, அடுத்த காடிக்கு வரும்போது இரண்டாவது என்று போட்டு, வெறும் சக்கை மூடிப்பார்த்தால் மூன்று நுனிகளும் மையத்தில் ஒன்றுகூட வேண்டும். ஒன்று பின்தங்கினால் பல் தவறியிருக்கிறது.

மரை மூக்கில் இறுகிக்கொண்ட சக்கைக் கழற்ற பேக் கியரைப் பூட்டிவிட்டு சுத்தியலால் தட்டுவது பல பட்டறைகளின் வழக்கம். பல் உடைந்த பேக் கியர்களில் பலவற்றின் கதை இதுதான். பெட்டின் பின்பக்கம் ஒரு மரக்கட்டையை வைத்து, தாடை அதன்மேல் மோதும்படி ஸ்பிண்டிலைக் கையால் பின்புறமாகச் சுற்றினால் சக் தளரும். கழற்றும்போது பெட்டின்மேல் பலகை வேண்டும். எட்டங்குலச் சக் சுமார் 15 கிலோ. இதே மரையின் இன்னொரு குணத்தையும் மறக்கக் கூடாது. வேகமாக ஓடும் ஸ்பிண்டிலைத் திடீரென்று நிறுத்தினாலோ பின்னோக்கி ஓட்டினாலோ சக் தானே கழன்று வரும். கேம்லாக் மூக்கில் இந்த பயம் இல்லை. அங்கே ஒவ்வொரு கேம் குறியும் இரண்டு 'வி' குறிகளுக்கு நடுவில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும்.

சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போடுவது, அனுபவசாலிகளையும் விட்டுவைக்காத ஆபத்து. முதல் சுற்றிலேயே சாவி குண்டுபோலப் பறக்கும். கையை எடுத்தால் தானே வெளியே தள்ளிவிடும் ஸ்பிரிங் வைத்த சாவிகள் உண்டு. அவை வேலையைத் தாமதப்படுத்துகின்றன என்று ஸ்பிரிங்கைப் பிடுங்கிப் போடும் பட்டறைகளும் உண்டு. வேகம் இன்னொரு எதிரி. சுற்று இரட்டிப்பானால் தாடையை வெளியே இழுக்கும் விசை நான்கு மடங்காகும். பிடி அந்த அளவுக்குத் தளரும். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 21-வது பிரிவில், ஹெட்ஸ்டாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்குக்கூட வேலி போடச் சொன்னது. ஆனால் மின்சக்தியில் ஓடும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் பொதுவாக அது தொழிற்சாலை. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்பு விதித்தொகுப்பு அந்த எண்ணை 20 ஆக்கியது. நான்கு பேர் வேலை செய்யும் லேத் பட்டறை இரண்டுக்கும் வெளியே. அங்கே டர்னரின் விரல்களுக்கு அவரும் முதலாளியும்தான் காவல்.

பழைய சக் வாங்குகிறவர்கள் கையில் ஒரு நேரான கம்பியும் டார்ச்சும் எடுத்துப் போகலாம். மூன்று தாடைகளின் வரிசை எண்ணும் உடலில் வெட்டிய எண்ணும் ஒன்றா என்று முதலில் பார்க்கவேண்டும். வேறு சக்கின் தாடை கலந்திருந்தால் எந்த வித்தையும் உதவாது. சாவித் துளையின் சதுரம் உருண்டுபோயிருந்தால் பைப் போட்டு இறுக்கிய சக் அது. தாடைக் காடியின் மூலைகளில் மயிரிழை விரிசல் தெரிந்தால் விலை கேட்காமலே வைத்துவிடவேண்டும். கம்பியைப் பிடித்துக் காகிதத்தை இழுத்துப் பார்க்கக் கடைக்காரர் சம்மதிக்காவிட்டால், அடுத்த கடைக்குப் போகலாம்.