பதின்மர் கூடும் ஆலயம்

யூதர் வழிபாட்டில் கட்டடத்தைவிடக் கூட்டமே பெரிது. பதின்மூன்று வயது நிறைந்த ஆடவர் பதின்மர் கூடினாலன்றி, மரபுவழிப்பட்ட ஜெப ஆலயத்தில் கூட்டு வழிபாடு முழுமை பெறாது. யூதரின் திருமறையான தோராவின் ஏட்டுச்சுருளைப் பேழையிலிருந்து எடுத்து முறைப்படி ஓதவும் இயலாது. குரு இல்லாமலும் வழிபாடு நடக்கும். பதின்மர் இல்லாமல் நடவாது. மும்பை மாநகரின் ஜெப ஆலயங்களைக் குறித்து இன்று எழுத நேர்வது இந்தப் பதின்மர் பொருட்டே.

கொங்கணக் கரையில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த பெனே இஸ்ரேல் என்னும் யூத மக்கள், ஆலயமென்று ஒன்று இல்லாமலேயே தம் சமயத்தைக் காத்தவர்கள். எண்ணெய் ஆட்டுவது அவர்கள் தொழில். சனிக்கிழமையன்று செக்கு ஓடாது. 'சனிவார் தேலி' என்று ஊரார் அவர்களை அழைத்தது இதனால்தான். ஓய்வுநாளும், உணவு விலக்குகளும், விருத்தசேதனமும், ஒருவனே இறைவன் என்னும் அறிக்கையும் வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தன. மும்பையில் அவர்களுக்கு முதல் ஆலயம் அமைந்தது 1796இல். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றிய சாமுவேல் எசக்கியேல் திவேகர் அதனைக் கட்டினார். திப்பு சுல்தானின் சிறையிலிருந்து மீண்டதற்கு நேர்த்திக்கடனாக அவர் எழுப்பியது என்பது அச்சமூகத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. 'இரக்கத்தின் வாயில்' எனப் பெயர் பூண்ட அவ்வாலயம் 1860இல் இப்போதுள்ள இடத்துக்கு மாறியது. மாண்ட்வியில் அது நிற்கும் தெரு, சாமுவேல் தெரு என்றே இன்றும் வழங்குகிறது.

உள்ளே நுழைபவர் முதலில் காண்பது ஒரு வெறுமை. சிலை இல்லை, படம் இல்லை. எருசலேம் மும்பைக்கு மேற்கே இருப்பதால் பேழை மேற்குச் சுவரில் அமைந்திருக்கும். அதன் முன் அணையா விளக்கு. கூடத்தின் நடுவே கைப்பிடிச் சட்டம் சூழ்ந்த மேடை. ஓதுபவர் அங்கே நிற்பார். பெண்டிர்க்கு மேல்மாடம். எலியா தீர்க்கதரிசிக்கென ஒரு நாற்காலி. விருத்தசேதனச் சடங்கின்போது அது முன்வரும். அந்த எலியாவின் பெயரால் பெனே இஸ்ரேல் மக்கள் அவலும் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் கலந்து, கனிகளோடு படைத்து உண்ணும் 'மலீதா' என்னும் வழிபாட்டைக் காணும் தமிழர்க்குத் தம் வீட்டுப் படையல் நினைவுக்கு வருமென்பது திண்ணம்.

பேழைக்குள் இருக்கும் சுருளோ தோலில் கையால் எழுதப்பட்டது. 3,04,805 எழுத்துகள். ஓரெழுத்து சிதைந்தாலும், திருத்தும்வரை அச்சுருள் ஓதுவதற்கு ஆகாது. எழுத்தின்மேல் விரல் படலாகாது என்பதால், நுனியில் சிறு கைவடிவம் கொண்ட வெள்ளிக்கோலால் வரியைத் தொடர்ந்து படிப்பார்கள். பழுதாகி இனி ஓத இயலாத சுருளை எறிவதில்லை. மனிதரைப் போல் அடக்கம் செய்கிறார்கள். எழுத்துக்கு இத்துணை மரியாதை செய்யும் சமயத்தை, ஏடு காத்த மரபில் வந்த நாம் வணங்கியே நோக்கவேண்டும்.

கி.பி. 70இல் உரோமர் எருசலேம் கோயிலை அழித்தபின், பலி நின்றுபோய் ஜெபம் அதன் இடத்தைக் கொண்டது. அதுமுதல் யூதர் சென்ற ஊரிலெல்லாம் ஜெப ஆலயமே வழிபாட்டிடமாகவும், கல்விக்கூடமாகவும், ஊர்மன்றமாகவும் நின்றது. மும்பையிலும் அவ்வாறே. ஹயீம் சாமுவேல் கேஹிம்கர் 1875இல் தொடங்கிய இஸ்ரவேலர் பள்ளி, இன்று எல்லி கதூரி பள்ளியாக நிற்கிறது. பாக்தாதில் கொடுமைக்கு அஞ்சி வெளியேறி 1832இல் இங்கு வந்த டேவிட் சசூன், 1864இல் பைகுல்லாவில் மாகென் டேவிட் ஆலயத்தைக் கட்டினார். அதையொட்டிய சசூன் பள்ளியில் இன்று பயில்வோர் பெரும்பாலும் முஸ்லிம் குழந்தைகள். பிழைக்க வந்த ஊரில் கோயிலும் பள்ளியும் சபையும் ஒருசேர எழுப்புவது தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்க்குப் புதியதன்று. ஆஸ்திக சமாஜக் கோயிலும், 1932இல் பிறந்த தென்னிந்தியக் கல்விச் சங்கமும் அதே வேட்கையின் விளைவுகள்தாம்.

1948க்குப் பின் இஸ்ரேலுக்குக் குடிபெயர்வு தொடங்கியது. அடித்து விரட்டப்பட்டுச் சென்றவர் இங்கு எவருமில்லை. இந்நாட்டுக்கு அது பெருமை. ஆயினும் இருபதாயிரத்துக்கு மேலிருந்த இந்திய யூதர் இன்று ஐயாயிரத்துக்கும் குறைவு. அவருள் பெரும்பாலோர் மும்பையிலும் தாணேயிலும் வாழ்கின்றனர். பழைய மாண்ட்வி, உமர்காடிக் குடும்பங்கள் புறநகர்க்குப் பெயர்ந்துவிட்டன. காலா கோடாவில் 1884இல் எழுந்த கெனெசெத் எலியாஹூ ஆலயம் 2019இல் செப்பனிடப்பட்டு, யுனெஸ்கோவின் பாராட்டையும் பெற்றது. நல்ல பணி, நன்றிக்குரியது. ஆனால் சுற்றுலாப் பயணியர் கண்ணில் படும் ஆலயத்துக்குக் கிடைத்த கவனம், நெரிசலான சந்தையில் ஒடுங்கி நிற்கும் 1796ஆம் ஆண்டு மரபுக்கும் கிடைத்தாக வேண்டும். மகாராஷ்டிர அரசு 2016இல் யூதர்க்குச் சிறுபான்மைத் தகுதி வழங்கியது. அத்தகுதி அரசாணையோடு நின்றுவிடாமல், கூரை பழுதுபார்க்கவும், திருமண, பிறப்புப் பதிவேடுகளைப் பாதுகாக்கவும், ஹீப்ரு கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஊதியம் தரவும் பயன்பட்டாலே பொருளுடையதாகும்.

சென்னையின் கதை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1688இல் அமைந்த சென்னை மாநகராட்சியின் முதல் ஆல்டர்மேன்களுள் யூத வணிகரும் இருந்தனர். அவர்கள் பவள வணிகத்தால் பெயர் பெற்ற தெரு இன்றும் பவளக்காரத் தெருதான். அங்கிருந்த ஜெப ஆலயமோ இல்லை. லாயிட்ஸ் சாலைப் பகுதியில் எஞ்சியவை சில கல்லறைகள் மட்டுமே. காக்க ஆளின்றிப் போனது அது.

2008 நவம்பரில் மும்பையின் யூதர் மையமான நரிமன் இல்லத்தில் நிகழ்ந்த கொலைவெறிக்குப் பின், ஆலய வாயில்களில் காவல் கடுமையாயிற்று. அது தவிர்க்க முடியாதது. எனினும் காவலர் மட்டும் நின்று காக்கும் ஆலயம் நெடுநாள் வாழாது; அக்கம்பக்கத்தாரின் அன்பும் உடன் வேண்டும். பதின்மரை நம்மால் தர இயலாது. அது அவர்கள் குலத்தின் கடன். அந்தப் பதின்மர் அச்சமின்றி வந்து கூடவும், அவர்தம் பிள்ளைகள் இந்நகரிலேயே வாழ விரும்பவும் வேண்டிய சூழலைத் தருவது நம் கடன். மும்பைத் தமிழ்ச் சங்கங்களும் பள்ளிகளும் முன்கூட்டி இசைவு பெற்று, தம் பிள்ளைகளை ஒருமுறையேனும் சாமுவேல் தெருவுக்கு அழைத்துச் செல்லட்டும். மாநகராட்சி அவ்வாலயத்தின் பழுதுபார்ப்புக்கு வரும் நிதியாண்டிலேயே பொருள் ஒதுக்கட்டும்.