பார்க்க வந்தவருக்கு எதற்கு எல்லாச் சாவியும்?

கோலா தெர்லாவில் ஒரு நீர்மின் நிலையம் இருப்பது இங்கே படிக்கும் மாணவர்கள் பலருக்கே தெரியாது. கேமரன் மலை நீர்மின் திட்டத்தின் சின்ன உறுப்பு அது; ஒரு மெகாவாட்டுக்கும் குறைவான திறன். இத்தகைய சிறு நிலையங்களில் நீர்மட்டம், இயந்திரத்தின் வெப்பம், மின்னழுத்தம் எல்லாவற்றையும் தொலைவில் உள்ள ஒரு கணினியிலிருந்தே பார்க்க இன்றைய தொழில்நுட்பம் இடம் தருகிறது. அப்படிப் பார்ப்பவருக்கு மதகைத் திறக்கும் அனுமதியும் வேண்டுமா? வேண்டாம் என்பது என் கருத்து. இந்தப் பாடத்தை நான் சொந்தச் செலவில் கற்றேன்.

கடந்த ஆண்டு என் நான்காம் படிவ மாணவர்கள் ஐவர், ஒருவனின் மாமா வைத்திருக்கும் தக்காளிக் குடிலில் வெப்பம், ஈரப்பதம் அளக்கும் உணரிகளைப் பொருத்தினார்கள். கையளவுக் கணினி ஒன்றுதான் சர்வர். ஐவரும் வீட்டிலிருந்தே அளவுகளைப் பார்க்க வேண்டும் என்றார்கள். தனித்தனிக் கணக்குத் திறக்கச் சோம்பல்பட்டு, நிர்வாகியின் கடவுச்சொல்லைப் புலனக் குழுவில் போட்டுவிடச் சொன்னேன். மூன்று வாரம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவையற்ற கோப்புகளைத் துடைக்கிறேன் என்று நினைத்து ஒரு மாணவன் அளவுகள் இருந்த கோப்புறையையே அழித்துவிட்டான். அறிவியல் விழாவுக்கு நான்கு நாள்தான் இருந்தது. மற்றவர்கள் அவனோடு பேசவில்லை. ஆனால் தவறு அவனுடையது அன்று, என்னுடையது. பார்க்க வந்தவன் கையில் அழிக்கும் சாவியைக் கொடுத்தவன் நான்.

சர்வர்களில் பெரும்பாலும் ஓடும் லினக்ஸ் இயங்குதளம் இதை மூன்று எண்களில் சொல்கிறது. படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் சேர்ந்தால் 7. ஏன் 3 இல்லை என்று கேட்பீர்கள். இரும எண்ணில் 100, 010, 001 என்று எழுதிப் பாருங்கள். எந்த இரண்டைக் கூட்டினாலும் குழப்பம் வராது. அளவுகள் இருந்த கோப்புகளுக்கு என் மாணவர்களுக்குத் தேவைப்பட்டது 4. நான் கொடுத்ததோ 7க்கும் மேல்.

இந்த வேறுபாடு புதிதன்று. வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிக்க 1988இல் வந்த எஸ்.என்.எம்.பி. நெறிமுறையிலேயே பார்க்க ஒரு சொல், மாற்ற வேறொரு சொல் என்று பிரித்து வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பல கருவிகள் 'பப்ளிக்', 'பிரைவேட்' என்ற இரு சொற்களுடனேயே விற்பனைக்கு வந்தன. வாங்கியவர் மாற்றாமல் விட்டால் அது ஊரறிந்த இரகசியம்.

பெரிய அளவில் என்ன ஆகும் என்பதை 2020 டிசம்பரில் உலகம் பார்த்தது. சோலார்விண்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 'ஓரியன்' மென்பொருள், சர்வர்களையும் வலையமைப்புகளையும் கண்காணிப்பதற்கானது. ஊடுருவியவர்கள் அதன் புதுப்பிப்புக்குள்ளேயே தீய நிரலை நுழைத்தார்கள். 18,000 வரையிலான வாடிக்கையாளர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. அவர்களில் சிறு பகுதியினரிடமே திருடர்கள் மேற்கொண்டு உள்ளே புகுந்தார்கள் என்றாலும், அமெரிக்க அரசுத் துறைகள் ஓரியனின் இணைப்பைத் துண்டிக்கும்படி டிசம்பர் 13 அன்று உத்தரவிடப்பட்டது. வேறு ஒரு மென்பொருளாக இருந்திருந்தால் இவ்வளவு கலக்கம் வந்திருக்காது. எல்லா அறைகளையும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பல இடங்களில் இந்தக் காவலாளிக்கு எல்லா அறைச் சாவிகளையும் கொடுத்திருந்தார்கள்.

தமிழ்நாட்டின் கூடங்குளத்தில் நடந்தது மறுபக்கம். அங்குள்ள அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் தீய நிரல் இருப்பது 2019 செப்டம்பரில் கண்டறியப்பட்டது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் அது அலுவலக வேலைக்கான, இணையத்தோடு சேர்ந்த கணினி. நிலையத்தை இயக்கும் வலையமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்று கழகம் தெரிவித்தது. அலுவலகக் கணினியில் நிரல் புகுந்ததே தவறுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஓரிடத்தில் நேர்ந்த தவறு அடுத்த இடத்துக்குத் தாவாமல் இருக்கத்தான் இந்தப் பிரிவினை.

"நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால், பார்க்க மட்டும் முடிந்தவர் என்ன செய்வார்?" என்று சக ஆசிரியர் ஒருவர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. அதற்கென்று இன்னொரு கணக்கு வைக்கலாம்; அவசரத்தில் மட்டும் திறப்பது, யார் எப்போது திறந்தார் என்று பதிவாவது. கொஞ்சம் தாமதமாகும்தான். அந்தத் தாமதத்தை நான் ஏற்றுக்கொள்வேன். அனுமதியைக் குறைப்பது அவமதிப்பு என்றும் அவர் சொன்னார். அதை மட்டும் நான் ஏற்கவில்லை. அன்று என் மாணவனிடம் அழிக்கும் அனுமதியே இல்லாதிருந்தால், அவன் யாரிடமும் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டான்.

இந்த ஆண்டு குடிலில் மீண்டும் உணரிகள் வைத்திருக்கிறோம். ஐந்து கணக்குகள், ஐந்தும் பார்க்க மட்டும். மாற்றும் கணக்கின் கடவுச்சொல் ஆய்வுக்கூட அலமாரியில் ஓர் உறைக்குள் இருக்கிறது. திறப்பவர் பக்கத்தில் உள்ள நோட்டில் கையெழுத்திட வேண்டும். அனுமதிகளை அமைக்கும் பொறுப்பைக் கடந்த ஆண்டு கோப்புறையை அழித்த அதே மாணவனிடம் கொடுத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து செய்து முடித்தான். என் கணக்கைத் திறந்து பார்த்தேன். எனக்கும் 4தான் போட்டிருக்கிறான்.