ஒரு வண்டிக்கு இரு பெயர். ஒரு வேலைக்கு இரு கூலியா?

கிட்வாய் நகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது மானேசர். அங்குள்ள மாருதி ஆலையில் உருவான சியாஸ் என்னும் நடுத்தரக் குடும்பக் கார் 2014இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதே கார் 2021 இறுதியில் 'டொயோட்டா பெல்டா' என்ற பெயரில் வளைகுடா நாடுகளில் அறிமுகமாயிற்று. முகப்பிலிருந்த சுசூகி முத்திரை போய் டொயோட்டா முத்திரை ஏறியது. மற்றபடி எஞ்சினும் அதே. அதைப் பூட்டிய கையும் அதே.

இதை மோசடி என்று நாம் சொல்லவில்லை. பெயர் மாற்றி விற்பது மோட்டார்த் தொழிலில் பழைய வழக்கம். தலைநகரின் அமைச்சக வாசல்களில் பல்லாண்டு நின்ற அம்பாசிடரே இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டுதானே! புதிய மாடல் உருவாக்கும் செலவு ஒரு கம்பெனிக்கு மிச்சம். மற்றதற்குக் கூடுதல் விற்பனை. இருவருக்கும் லாபம். இருக்கட்டும்.

நாம் கேட்பது இதுதான்: முத்திரை மாறினாலும் வண்டி ஒன்றே என்றால், அடையாள அட்டையில் 'ஒப்பந்தம்' என்று எழுதியதும் உழைப்பு மட்டும் வேறாகிவிடுமா?

2011இல் மானேசர்த் தொழிலாளர் தமக்கெனத் தனிச் சங்கம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். ஒப்பந்தத் தொழிலாளரின் குறையும் அந்தப் போராட்டத்தில் ஒலித்தது. 2012 ஜூலை 18 அன்று நடந்த கலவரத்தில் அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். அந்தச் சாவை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் 2017 மார்ச்சில் 31 பேரைக் குற்றவாளிகள் என்ற குர்கான் நீதிமன்றம் 117 பேரை விடுதலை செய்தது. அவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தவர்கள். அந்தக் காலத்துக்கு ஈடு யார் தருவது?

2016 அக்டோபரில், பஞ்சாப் அரசின் தற்காலிக ஊழியர் தொடர்ந்த வழக்கில், சம வேலைக்குச் சம ஊதியம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு ஊழியருக்குக் கிடைத்த அந்த நீதி தனியார் ஆலையின் வாசலில் நின்றுவிடலாகாது.

இது வடநாட்டார் பிரச்சினை என்று தில்லித் தமிழர் ஒதுங்குவது சரியல்ல. தலைநகரின் அலுவலகங்களில் நம் பிள்ளைகளும் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இதே அட்டையோடு ஆலைக்குள் போகிறவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகளே. அங்கேயும் இங்கேயும் கோரிக்கை ஒன்றுதான்.

கம்பெனிகளுக்கு நிலமும் வரிச்சலுகையும் தரும் அரசுகள், ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பதை அந்தச் சலுகைக்கு நிபந்தனையாக்க வேண்டும். இதைத் தமிழ்நாட்டு அரசும் அரியானா அரசும் செய்யவேண்டுமென நாம் கேட்கிறோம்.