வைக்கோலும் நமது சங்கமும்

காவிரிப் படுகையில் தையும் மாசியும் சம்பா அறுவடைக் காலம். நெல்லின் விலையைப் பற்றிப் பேசாத அங்கத்தினர் இல்லை; வைக்கோலைப் பற்றிப் பேசுவோர் அரிது. இரண்டு மாடு வைத்திருக்கும் சிறு விவசாயிக்கோ அது சிறிய பொருளன்று.

முன்னர்க் கதிரைக் களத்தில் அடித்து, மாடு கட்டிப் போரடித்து, உலர்த்திப் போர் போட்டனர். அடியில் பனந்துண்டோ கல்லோ பரப்பி, உச்சியைக் கூரைபோலச் சரித்து வேய்ந்த போர் ஐப்பசி மழையையும் தாங்கும். இன்று அறுவடை இயந்திரம் வேலையை ஒரே நாளில் முடித்துவிடுகின்றது. அதனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆள் கிடைக்காத காலத்தில் நெல்லைக் காப்பது அதுவே. ஆயினும் நசுங்கிய வைக்கோல் வயலிலேயே கிடக்கின்றது. வியாபாரி தமது கட்டும் இயந்திரத்தோடு வந்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று தாம் வைத்த விலைக்கு அள்ளிச் செல்கின்றார். ஆடியில் அதே விவசாயி கட்டுக் கணக்கில் கூடுதல் விலை கொடுத்து வைக்கோல் வாங்குகின்றார். நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் ஆண்டுதோறும் இம்முறையீட்டைக் கேட்கின்றோம்.

ஒரு பசுவிற்கு நாளொன்றுக்கு 5 கிலோ என்று கொண்டாலும் ஆண்டிற்கு 1,825 கிலோ வேண்டும். வீட்டுத் தேவையை ஒதுக்கிய பின்னரே எஞ்சியதை விற்பது முறை. தறியை நம்பி வாழ்ந்து, புறக்கடையில் ஒரு கறவை மாடு வளர்க்கும் நெசவாளருக்கோ ஒதுக்கி வைக்க நிலமே இல்லை. நூலைச் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளும் அவருக்கு வைக்கோலையும் அவ்வாறே பெறும் வழி ஏன் இருத்தலாகாது?

சங்கமே கட்டும் இயந்திரம் வாங்கலாம் என்போர் உளர். அது ஆண்டில் சில வாரங்களே ஓடும். ஒரு சங்கம் தனித்து வாங்கினால் கடன் தவணைக்கே வருமானம் போதாது. அண்டைச் சங்கங்கள் இரண்டு மூன்று சேர்ந்து வாங்குவதே தக்கது. வாடகையைக் கட்டுக் கணக்கில் வாங்கலாம்; ஓட்டுநரின் கூலியை அவ்வாறு வைத்தலாகாது. கட்டுக்குக் கூலி பெறுபவர் பனி உலரும்வரை காத்திருப்பதில்லை. ஈரத்துடன் கட்டிய வைக்கோல் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும்.

தீப்பிடிக்கும் பொருளுக்குச் சங்கம் பொறுப்பேற்பதா என்று நிர்வாகிகள் தயங்குவது நியாயமே. உரக் கிடங்கினுள் ஒரு கட்டையும் வைக்கலாகாது. வீடுகளுக்கு அப்பால் தனிக் கொட்டகையும் காப்பீடும் வேண்டும். அச்செலவையும் விலையில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கார்த்திகைக்குள் அங்கத்தினர் தத்தம் மாடுகளின் எண்ணிக்கையையும் வேண்டிய கட்டுகளையும் செயலாளரிடம் பதிந்து கொடுத்தால், தைக்கு முன்னரே நிர்வாகக் குழு இதனை எடுத்துக்கொள்ள இயலும்.